ஹரித்துவாருக்கு டிக்கெட் போடும் முன்

தம்பி, கொஞ்சம் பொறு. ஹரித்துவாருக்கு டிக்கெட்டைப் போட்டுவிடாதே. போட்டுவிட்டாய் என்றால், அதைத் திருப்புவதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து இதை மேலே படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று அடுக்கி முடித்துவிடுகிறாய். புனேயில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், தப்பில்லை. இது நடுவில் "சரி" போடாமல் முழுக்கக் கேட்க வேண்டிய சங்கதி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறானே என்று பார்க்காதே. அந்த எட்டாவதிலேயே என் கையெழுத்தைப் பார்த்து எங்கள் தலைமையாசிரியர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் மேலே படிக்கப் போயிருந்தால் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்திருப்பேன்; லாரியில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். உன்னைப் பெற்றவன் என் தம்பி. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து நீ எனக்கு மகன். பெரியப்பா என்று நீ கூப்பிடுவது ஊர் வழக்கத்துக்காக. அரியலூர் ரயிலடியில் யாரைக் கேட்டாலும் உன்னை என் பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அம்மாவை ஒரு தடவையாவது எங்காவது கூட்டிப்போக வேண்டும், கல்யாணம் ஆகிவிட்டால் அது தள்ளித் தள்ளிப் போய்விடும் என்று நீ சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். டீக்கடையில் சொல்லும்போது ஹரித்துவாரோடு காசி, கயா, இமயமலையையும் சேர்த்துவிட்டேன். அது என் வாய் வழக்கம், நீ கண்டுகொள்ளாதே. "அம்மா சுத்த சைவம், பெரியப்பா. ஊரே சைவமா இருக்கிற இடமாப் பாத்துட்டேன். அங்க முட்டை வாசனைகூட வராது" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! லாட்ஜுக்கு லாட்ஜ் போன் போட்டு, தனிச் சமையல்கட்டு உண்டா, தனிப் பாத்திரம் உண்டா என்று விசாரித்தாயாமே. பெற்ற தாயின் இலையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற பிள்ளையை நான் வளர்த்திருக்கிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவள், "அவன் அம்மா வளத்தாங்க" என்றாள். போகட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களை ஊர் சுற்றக் கூட்டிப்போவது எப்படி என்று கம்ப்யூட்டரில் தேடினேன் என்றாய். என்னைக் கேட்டிருக்கலாம். அரியலூர் சிமெண்டை இந்தியா பூராவும் கொண்டுபோய் இறக்கியவன் நான். இந்த நாட்டில் நிற்கிற பாலங்களில் பாதி என் லாரியில் போன மூட்டைதான். மாலை போட்டிருந்த ஒரு கார்த்திகையில் ஒரிசா பக்கம் போய் மாட்டிக்கொண்டேன். சைவச் சாப்பாடு கேட்டால், கடைக்காரன் மீன் குழம்பிலிருந்து மீன் துண்டை மட்டும் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, குழம்பை என் சோற்றில் ஊற்ற வந்தான். அவன் ஏமாற்றவில்லை, அவன் ஊரில் அதுதான் சைவம். நான் எழுந்து நின்று ஹிந்தியில் ஒரு பிரசங்கமே பண்ணினேன். அன்றிலிருந்து அந்த ரோட்டில் இருக்கிற கடைகள் எல்லாம் தனி அடுப்பு வைத்துவிட்டதாகப் பின்னால் போன டிரைவர்கள் சொன்னார்கள். குஜராத்தில் பருப்பில் வெல்லம் போடுவான், உன் அம்மாவுக்கு இறங்காது. ஹரித்துவாரில் பல கடைகளில் வெங்காயம், பூண்டே கிடையாது. வெங்காயம் இல்லாத சாம்பாரை உன் அம்மா சாம்பார் என்று ஒத்துக்கொள்வாளா? கேரளத்தில் வாழைக்காய் வறுத்த எண்ணெயிலேயே மீனும் வறுப்பான், கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவான். எங்கே போனாலும் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப் பொடி ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் போதும். வெறும் சோறு இந்தியாவில் எங்கும் கிடைக்கும். இவ்வளவும் நான் உனக்குச் சொல்லித் தரத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் இதெல்லாம் வயிற்றைப் பற்றிய பேச்சு. உன் அம்மா ஏன் சைவம் என்பது வேறு பேச்சு. அது தெரியாமல் நீ ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்தப் புரட்டாசி பிறக்கும்வரை அது எனக்கும் தெரியாது.

உனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்ததுதான். உன் அப்பா போன பிறகு, நீ நல்லபடியாக வர வேண்டும் என்று சிறுவாச்சூர் ஆத்தாவுக்கு வேண்டிக்கொண்டு உன் அம்மா கவுச்சியை விட்டுவிட்டாள். நானும் அதைத்தான் நம்பினேன். நம்பினது மட்டுமா? நீ இன்ஜினியரிங் பாஸ் பண்ணினபோது, வேலை கிடைத்தபோது, எல்லாவற்றுக்கும் அந்த வேண்டுதலைச் சொன்னேன். அம்மன் கனவில் வந்து கேட்டாள் என்றுகூட ஒரு கல்யாணத்தில் சொல்லியிருக்கிறேன். நம் சொந்தத்தில் எந்தக் காதுகுத்தானாலும் கிடாவெட்டானாலும், நாமெல்லாம் ஒரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போது, அவள் கடைசியாக ஓரமாகப் போடுகிற சைவப் பந்தியில் போய் உட்காருவாள். பக்கத்தில் விரதம் இருக்கிற ஒரு கிழவர், பத்தியம் இருக்கிற ஒருத்தி, அவ்வளவுதான் கூட்டம். சாம்பார் வாளிகூட அங்கே சீக்கிரம் வராது. நீ சின்னப் பிள்ளையில் "நானும் அம்மாகூட" என்று அழுவாய். "நீ போயிக் கறி சாப்புடுடா" என்று அவளே உன்னை அனுப்பிவிடுவாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் உனக்கு நாட்டுக்கோழி ஆக்குவாள். தான் வாயில் வைக்காமல், உப்புப் பார்க்க உன்னைக் கூப்பிடுவாள். நினைவிருக்கிறதா? கரண்டியை ஊதி ஊதி உன் உள்ளங்கையில் விடுவாள்.

நீ டூர் பேச்சு எடுத்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேண்டுதல் என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். பிள்ளை படித்தாயிற்று, வேலைக்குப் போயாயிற்று, பெண்ணும் நிச்சயமாயிற்று. ஆத்தாவிடம் போய் மாவிளக்குப் போட்டு வேண்டுதலை முடித்துக்கொண்டால், டூர் போகிற இடத்தில் எது கிடைத்தாலும் சாப்பிடலாமே, உனக்கும் அலைச்சல் மிச்சம். பெரியம்மாவும் சரி என்றாள். உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பெரம்பலூர் போய் பஸ் மாறி சிறுவாச்சூரில் இறங்கினோம். வெள்ளி, திங்கள்தான் நடை திறப்பது என்பதால் கூட்டம் நெரிந்தது. பச்சரிசியை ஊறவைத்து எடுத்துப் போயிருந்தோம். அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து மாவு பிடித்து, உன் அம்மாதான் திரி போட்டாள். சன்னிதியில் பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "என்னம்மா வேண்டுதல்? பேரும் வேண்டுதலும் சொல்லுங்க, ஆத்தாகிட்ட சொல்லி முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் தள்ளுகிறது. நானே முன்னால் போய், "பையன் நல்லா வரணும்னு கவுச்சிய விட்டுச்சு சாமி, இப்ப அத முடிக்கணும்" என்றேன். என் குரல் உனக்குத் தெரியும், ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் உன் அம்மா, இத்தனை வருஷத்தில் என்னை மறித்து ஒரு வார்த்தை பேசாதவள், "மாமா, வேணாங்க. ஆத்தா முன்னாடி அதைச் சொல்லாதீங்க" என்றாள். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விளக்கை மட்டும் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வெளியே உரல்கள் கிடக்கிற இடத்தில் பெரியம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். புருஷனுடைய அண்ணன் எதிரில் உட்கார்ந்து அவள் பேசிப் பழக்கமில்லை. அதனால் நான் சற்றுத் தள்ளி, ரோட்டைப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். காது மட்டும் இங்கேதான் இருந்தது.

"என்னாடி பண்ற? முடிக்கலாம்னுதானே வந்தோம்?"

"எதை முடிக்கிறது அக்கா? நான் எதையும் வேண்டிக்கலையே. வேண்டிக்காததை எப்படி முடிக்கிறது?"

உன் அம்மா கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கண்ணன் கறி எடுத்துட்டு வருவான்னு இருந்தேன். வரல. அவ்வளவுதான்."

தம்பி, உனக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். நம் கூட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் கருமாதி முடிகிறவரைக்கும் வீட்டில் யாரும் கவுச்சி தொடுவதில்லை. கருமாதிக்கு மறுநாள் சம்பந்தக்காரர்கள் கறி எடுத்து வந்து, தாங்களே ஆக்கி, துக்க வீட்டாருக்குப் போட வேண்டும். அதைச் சாப்பிட்டால்தான் துக்கம் எடுபட்டது என்று கணக்கு. பங்காளிகளான எங்களுக்கு என் மாமனார் வீட்டில் வந்து போட்டார்கள். ஆனால் தாலி அறுத்தவளுக்கு அவள் பிறந்த வீட்டில்தான் வந்து போட வேண்டும். கூடப்பிறந்தவன் கையால் முதல் பிடி விழ வேண்டும். வேறு யார் போட்டாலும் செல்லாது. உன் அம்மாவின் பிறந்த வீடு ஆண்டிமடம் பக்கம். முந்திரிக்காட்டை வைத்துப் பிழைக்கிற உன் மாமா ஒருத்தன்தான் அண்ணன். கருமாதிக்கு அவன் வந்திருந்தான். ராத்திரி ஊருக்குத் திரும்பினான், கறி எடுத்துக்கொண்டு காலையில் வருவதற்கு. விடிவதற்குள் உன் அத்தைக்கு வலி கண்டு, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு ஓடி, பெண் பிறந்துவிட்டது. பிள்ளை பெற்ற தீட்டோடு துக்க வீட்டுக்குள் வரக்கூடாது. தீட்டுக் கழியட்டும் என்று இருந்தார்கள். கழிந்தபோது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும்தான், நான் அப்போது நாக்பூர் லோடில் இருந்தேன். அன்றைக்குப் பிறந்த பெண்தான், இப்போது நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு உன் கல்யாணத்துக்கு என்ன புடவை கட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நீ கேட்டிருக்கலாமேடி" என்றாள் பெரியம்மா.

"எப்படிக்கா கேக்குறது? அண்ணே, எனக்குக் கறி ஆக்கிப் போடுன்னா? தாலி அறுத்தவ வாயில அந்தப் பேச்சு வருமா? வந்தா இந்த ஊரு சும்மா இருக்குமா?"

"அப்ப வேண்டுதல்னு ஏன் சொன்ன?"

"அப்புறம் ஒரு காதுகுத்துல ஒரு அத்தை பந்தியில எல்லாரு எதிர்லயும் கேட்டுச்சு, ஏண்டி இன்னும் உங்கண்ணன் உனக்குத் துக்கம் எடுக்கலையான்னு. அவன் சோத்து வாளியோட எதிர்லயே நிக்கிறான். அவன் மொகம் செத்துப்போச்சுக்கா. அதான் சட்டுனு சிறுவாச்சூர் ஆத்தா பேரைச் சொல்லிட்டேன். அப்புறம் அதுவே நெசமாப் போயிடுச்சு. இன்னிக்கு அவ எதிர்லயே நின்னு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல."

ரோட்டில் போன ஒரு பஸ்கூட என் கண்ணில் தெளிவாகத் தெரியவில்லை, தம்பி. நாங்கள் எல்லாரும் துக்கத்தை முடித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் ஒருத்தி மட்டும் இத்தனை வருஷமும் கருமாதிக்கு மறுநாள் காலையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாம் அதற்குப் பக்தி என்று பேர் வைத்து, தனிப் பந்தி போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ இப்போது அந்தப் பந்தியை ஹரித்துவார் வரைக்கும் கொண்டுபோகப் பார்த்தாய். உன்மேல் குற்றமில்லை; அன்பினால்தான் செய்தாய். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

மறுநாளே நான் ஆண்டிமடம் போனேன். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். பஞ்சாயத்துகளில் பெரிய பெரிய ஆட்களையே மடக்கியவன் நான், அன்றைக்கு ஒரு வாக்கியம் தேறவில்லை. உன் மாமா முந்திரி மரத்தடியில் முள் வெட்டிக்கொண்டிருந்தான். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நான் சொன்ன ஒரே கதை அதுதான். அவன் அரிவாளைக் கீழே போட்டான்.

"வேண்டுதல்னு அவ சொன்னப்ப எனக்கு மூச்சு வந்துச்சுங்க" என்றான். "அதுவரைக்கும் அவ வூட்டுக்கு வர்றதுக்கே கூசும். அவ சொன்னதும் நம்பிட்டேன். நம்பறது வசதியா இருந்துச்சு."

"சரி விடு மாப்ள. ஆனது ஆச்சு. இப்ப போட்டாக்கூட போட்டதுதான். புரட்டாசி கழியட்டும், ஐப்பசியில ஒரு நல்ல நாளாப் பாத்து..."

அவன் எழுந்துவிட்டான். "அன்னிக்கும் இப்படித்தாங்க. தீட்டுக் கழியட்டும், ஆடி கழியட்டும்னு நாள் பாத்தோம். இன்னொரு தரம் பாக்க மாட்டேன். நாளைக்கே வரேன்."

"புரட்டாசியில அந்த வூட்டுல கறி வாசனை வந்தா தெரு என்ன பேசும்? வேண்டுதல் இருக்கிற பொம்பளைன்னு..."

"பேசட்டும். என்னைப் பேசட்டும். இவ்வளவு நாளு பேசாம இருந்ததே தப்பு."

அத்தை உள்ளே போய், பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வழக்கப்படி சட்டி, கரண்டி, மசாலா, அரிசி என்று விறகைத் தவிர எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். உன் அம்மா வாசலில் கோலத்தின் மேலேயே நின்றுவிட்டாள். பையைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணே இது, புரட்டாசியில?" என்றாள். உன் மாமா, "நீ போயி உக்காரு. அடுப்படிக்கு வராத" என்றான். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அத்தை அடுப்பை வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க வூட்டுலயா கறி வாசனை?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எத்தனை கதை தெரியும்! பையன் கல்யாணத்துக்கு விருந்து, டாக்டர் சூப்புக் குடிக்கச் சொன்னார், எதை வேண்டுமானாலும் அவிழ்த்துவிட்டிருக்கலாம். "அவங்க அண்ணன் துக்கம் எடுக்க வந்திருக்கான்" என்றேன். அந்த அம்மா வயசானவள்; அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவள், சற்றைக்கெல்லாம் தன் வீட்டுத் தோட்டத்து வாழையில் ஒரு தலைவாழை இலை அறுத்து வந்து கொடுத்தாள்.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் இலை போட்டு அவளை உட்காரவைத்தார்கள். உன் மாமா சோற்றைப் பிசைந்து, குழம்பு ஊற்றி, ஒரு துண்டுக் கறியை வைத்து, முதல் பிடியை அவள் கையில் கொடுத்தான். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயில் போட்டாள். மென்றாள். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி வருகிற அறிவிப்பு மட்டும் கேட்டது.

"அண்ணி" என்றாள் உன் அம்மா, "உப்பு கம்மி."

அத்தை கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரிக்கவும் செய்தாள். "அழுதுக்கிட்டே ஆக்குனேண்டி, உப்புப் பாக்கலடி" என்றாள். அதற்கப்புறம்தான் உன் அம்மா அழுதாள். உன் அப்பா போன அன்றுகூட அவள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்க்கவில்லை. அப்போது உன்னை மடியில் வைத்திருந்தாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, உப்பு வாங்கிப் போட்டு இன்னும் நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு மோர் கேட்டாள்.

இனிமேல் எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவும் கோழி சாப்பிடுவாள் என்று நான் நினைத்தேன். உன் மாமாவும் அப்படித்தான் நினைத்தான். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஐப்பசி பொறக்கட்டும், நல்ல விரால் மீனாக் கொண்டாறேன்" என்றான். அவள், "வேணாண்ணே. நான் சைவமாவே இருந்துக்கறேன்" என்றாள். அவன் முகம் விழுந்துவிட்டது. "இன்னும் எம்மேல கோவமா?" என்றான்.

"கோவமில்லண்ணே. எனக்குப் பழகிப்போச்சு. நாலு வாயிக்கே நெஞ்சு கரிக்குது. இத்தனை நாளு நீ போடலைன்னு சாப்பிடல. இனிமே எனக்குப் புடிக்கலைன்னு சாப்பிடல. ரெண்டும் ஒண்ணா?"

தம்பி, நான் காஷ்மீர் எல்லை வரை போய் வந்தவன். பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. இதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். உன் அம்மா போன மாதமும் சைவம்தான், இந்த மாதமும் சைவம்தான். இலையில் ஒரு மாற்றமும் கிடையாது. ஆனால் போன மாதம்வரை அவள் காத்திருந்தாள், இப்போது காத்திருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கூட இருக்கிறவன்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கும் ஒருத்தி வரப்போகிறாள். அவள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேள். ஒரு பதில் சொல்லுவாள். அந்தப் பதில் உனக்கு வசதியாக இருந்தால், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கேள். நானும் உன் மாமாவும் வசதியான பதிலோடு நின்றுகொண்டவர்கள். இதைப் படித்துவிட்டு உடனே அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுவைக்காதே. அவள் இதை உன்னிடம் சொல்லச் சொல்லவும் இல்லை, சொல்லக் கூடாது என்றும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். நீ எந்த ஊருக்கு டிக்கெட் போடுகிறாய் என்பதிலேயே அது அவளுக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் நான் அவளிடம் ஹரித்துவாரைப் பற்றிச் சொன்னேன். கங்கை, விளக்கு, படித்துறை எல்லாம் நான் நேரில் பார்த்த மாதிரியே சொன்னேன். பக்கத்தில் ஒரு மண்டியில் மூட்டை இறக்கியிருக்கிறேன், அது பார்த்த மாதிரிதானே? அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரியம்மா பக்கம் திரும்பி, "ஏங்க்கா, சைவம்னா கோயிலுக்குத்தான் போவணுமா?" என்றாள். உன் அம்மாவுக்கு என்ன வயசாகிறது? தலையில் இன்னும் முழுசாக நரைகூட விழவில்லை. இத்தனை வருஷமாக அவளை எங்கே கூட்டிப்போனாலும் கோயிலுக்குத்தான் கூட்டிப்போயிருக்கிறோம். "பின்ன எங்கடி போவணும் உனக்கு?" என்று பெரியம்மா கேட்டதும், யோசிக்கவே இல்லை. "கேரளாவுல தண்ணியில வூடு மாதிரி படகு போவுதாமே. உள்ளயே சமைச்சுப் போடறாங்களாம். அதுல போவணும். அண்ணனும் அண்ணியும் வரட்டும். நீங்களும் வாங்க." எத்தனை நாள் அதை மனசில் வைத்திருந்தாளோ!

ஆகவே உன் விசாரணைகளை முதலிலிருந்து ஆரம்பி. சுத்த சைவம் என்று போர்டு மாட்டின இடம் வேண்டாம். மீனும் ஆக்கத் தெரிந்து, உன் அம்மாவுக்கு வெங்காய சாம்பாரும் அவியலும் வைக்கத் தெரிந்த ஆள் இருக்கிற படகாகப் பார். சட்டி வேறு வேறாக இருக்கட்டும். சாப்பாட்டு மேசை ஒன்றுதான் இருக்க வேண்டும். அவள் ஓரமாகத் தனியாக உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலிகூட அந்தப் படகில் இருக்கக் கூடாது. நீ புனேயிலிருந்து நேரே கொச்சிக்கு வந்துவிடு. நாங்கள் அரியலூரில் ஏறி, திருச்சியில் வண்டி மாறி வருகிறோம். சாமான் தூக்குவதைப் பற்றிக் கவலைப்படாதே, உன் பெரியப்பா இன்னும் சிமெண்ட் மூட்டையை ஒரு கையால் தூக்குவான்.

இந்த ஏற்பாட்டை உன் மாமாவிடம் போனில் சொன்னபோது அவன் தயங்கினான். ஸ்பீக்கரில் போட்டு உன் அம்மாவிடம் நீட்டினேன். "நான் ரெண்டு வேளையும் மீன் தின்னுறவன்மா. அந்த வாசனை உனக்கு ஆவாதே. நாங்க முன்னாடியே தின்னுட்டு எந்திரிச்சுடறோம், நீ அப்புறமா நிம்மதியாச் சாப்புடு" என்றான்.

"ஆவாதுதான்" என்றாள் உன் அம்மா. "மூக்கைப் பொத்திக்கறேன். நீ எதிர்லயே உக்காரு."

உன் பெரியப்பா